ஒரு மாத்திரை

கொச்சியில் வயலினை வைத்துக்கொண்டு பிழைப்பது கொஞ்சம் சிரமம்தான். உப்புக்காற்று தந்தியைத் தின்றுவிடும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கினால் தந்தியை முறுக்குகிற பிருடை ஊறிப்போய்த் திருகவே வராது. வெயில் வந்தால் தானாகவே நழுவும். மற்ற ஊர் வித்வான்கள் சாதகம் செய்கிற நேரத்தை மட்டாஞ்சேரிக்காரன் துடைப்பதிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. நல்லசிவம் அண்ணன் நினைவு மலரில் என் சங்கீத வாழ்க்கையைப் பற்றியும் இரண்டு பக்கம் போட வேண்டும் என்று எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்திருக்கிறீர்கள். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன். அந்த வாழ்க்கையில் துடைப்பதுதான் பெரும்பகுதி.

என் முழுப்பெயர் ஒச்சப்பன். அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே முனிசிபாலிட்டியில் கொசுமருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்தவர். கொச்சியில் அந்த வேலைக்கு ஓய்வு ஏது? பக்கத்து வீட்டு அந்தோணிச் சேட்டன் கோட்டைக் கொச்சியில் ஒரு தேவாலயத்தில் வயலின் வாசிப்பார். அவரிடம் நான் கற்ற முதல் உருப்படி கிறிஸ்துமஸ் பாட்டு. கீர்த்தனங்களையெல்லாம் சாயாக்கடை ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். இதை மலரில் போட வேண்டாம். பரம்பரை இல்லாத வித்வான் என்று தெரிந்தால் ரசிகர்களுக்குப் பாதி ருசி போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் யாரோ முப்பாட்டன் அரண்மனையில் வாசித்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அரண்மனை எது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அண்ணனை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் பெயரில்தானே உங்கள் சபையே நடக்கிறது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். யூதர்கள் இருந்த ஜூ டவுனில் அவர்கள் குடும்பத்துக்குச் சுக்கு மண்டி இருந்தது. தம்பிகள் சுக்கைப் பார்த்துக்கொண்டார்கள், அண்ணன் பாடினார். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்தும் வீட்டுத் தமிழை விடாத குடும்பம். எழுபத்தொன்றில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு அவருடைய வயலின்காரர் வரவில்லை. யாரோ என்னைக் கைகாட்டினார்கள். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன், எண்பத்து நான்கில் அவர் போகிறவரை எழுந்திருக்கவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஒச்சப்பன் என்று நோட்டீஸில் போட்டால் சபையில் சிரிப்பார்கள் என்று அவரே எனக்கு ஓ.சி. அப்பன் என்று பெயர் வைத்தார். சபைக்காரர்கள் அந்தப் பெயரை அப்படியே நம்பி என்னை நடத்தினார்கள். அது அண்ணனுடைய குற்றமில்லை.

பக்கவாத்தியத்துக்கு ஒரு தர்மம் உண்டு. பாடகர் போகிற வழியில் ஒரு அடி பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் சங்கதியை மறந்து வேறெங்கோ போய்விட்டால் நாமும் கூடவே அங்கே போய்விட வேண்டும். ஒருவர் மட்டும் தப்பினால்தான் தப்பு. இரண்டு பேரும் சேர்ந்து தப்பினால் அது புதுப் பாடாந்தரம். இந்தத் தர்மத்தில் நான் ஒருநாளும் வழுவியதில்லை. அண்ணன் தாளம் விட்ட இடத்திலெல்லாம் நானும் சத்தியமாக விட்டிருக்கிறேன். அப்போது அவர் என் பக்கம் திரும்பி, மைக்கில் விழும்படியாக, "ஒரு மாத்திரை போச்சுடா, எங்க பராக்கு பாக்கறே?" என்பார். பள்ளிக்கூடத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, அதே மாத்திரைதான். கண் இமைக்கும் நேரம். தாளக் கணக்கில் அவர் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார். முன்வரிசை என்னைப் பார்த்து உச்சுக்கொட்டும். கச்சேரிக்குக் கச்சேரி இது நடந்தது. மேடையில் அண்ணன் என்னைப் பார்த்து மாத்திரை என்றால் எனக்குத் திட்டு விழுகிறது என்று அர்த்தம்.

ராகம் என்று ஒன்று இருக்கிறது. பாடகர் ராக ஆலாபனை செய்து முடித்ததும் கையை வயலின் பக்கம் நீட்டுவார். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். இனி உன் முறை, வாசி என்று பொருள். பிறகு வயலின்காரன் தனியாக அந்த ராகத்தை வாசிப்பான். சபை அவனை மட்டும் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். வயலின்காரனுடைய வாழ்க்கை என்று நீங்கள் கேட்டது உண்மையில் அதைத்தான், மற்றதெல்லாம் ரயில் பிரயாணம்.

அண்ணன் கை நீட்ட மாட்டார். பாடி முடித்ததும் பிளாஸ்கைத் திறந்து பால் ஊற்றுவார். அதைக் குடிக்கிற நேரம்தான் என் ராகம். நான் நாலு சங்கதி வாசித்து மேலே ஏறும்போது அவர் தம்ளரைக் கவிழ்த்து, தொண்டையைச் செருமி, கீர்த்தனையை எடுத்துவிடுவார். பால் சூடாக இருக்கிற நாளில் கொஞ்சம் கூடுதலாக வாசித்திருக்கிறேன். சில சமயம் வீட்டில் சரோஜம்மா அண்ணி பிளாஸ்கில் பால் ஊற்றும்போது, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் அண்ணி என்று சொல்லியிருக்கிறேன். என் கலைவாழ்வுக்காக நான் செய்த முயற்சி அது.

எழுபத்தொன்பதில் மதராஸிலிருந்து ஒரு பெரிய பாடகர் எர்ணாகுளத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம். அவருடைய வயலின்காரர் வழியில் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். சபைக்காரர்கள் என்னைத் தேடி அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளறையில் அண்ணனுடைய தம்புராவுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலிலேயே நின்று, "ஒச்சப்பனா? அவனுக்குப் பனியாக்கும். எழும்ப முடியாமக் கிடக்கான்" என்று சொல்வது கேட்டது. பனி என்றால் இங்கே காய்ச்சல். வந்தவர்கள் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். தம்புராத் தந்தியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எழுந்து போய் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சாயங்காலமே எனக்கு நிஜமாகக் காய்ச்சல் வந்துவிட்டது. பக்கவாத்தியக்காரன் அப்படித்தான். பாடகர் எதை எடுக்கிறாரோ அதைத் தொடர்ந்துவிடுவான்.

எண்பத்திரண்டில் அண்ணனுக்கு நெஞ்சுக் கோளாறு என்று தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நெஞ்சுவலிக்காரருக்கு எந்தச் சபை தேதி கொடுக்கும்? பாதியில் ஏதாவது ஆகிவிட்டால் டிக்கெட் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அண்ணன் தன் பையில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணி என்னிடம் கொடுத்தார். ஒரு தகர டப்பாவில் ரோசின் கட்டியோடு அதையும் போட்டு முழங்காலருகில் வைத்துக்கொண்டேன். ரோசின் என்பது வில்லுக்குத் தேய்க்கிற பிசின், அது எப்போதும் என் பக்கத்தில்தான் இருக்கும்.

"மேடையில அவருக்குப் பக்கத்துல நீதானே இருக்கே ஒச்சப்பா. கையை உன் பக்கம் நீட்டினா ஒண்ணு எடுத்துக் குடுத்துடு. நாக்குக்கு அடியில வெச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அண்ணி.

வாசி என்பதற்கும் மாத்திரை கொடு என்பதற்கும் ஒரே சைகை ஆகிவிடுகிறதே என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அந்தச் சைகையை மேடையில் நான் பார்த்ததே இல்லையே. பாலக்காட்டில் ஒருமுறை அண்ணன் கை நீட்டினார். சுருதி சேர்க்கிற சாக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ரசிகர்கள் கற்கண்டு என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து பாடத் தொடங்கிவிட்டார். நல்ல மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி அந்தக் கச்சேரி. இங்கே மட்டாஞ்சேரியில்தான், ஒரு கல்யாண மண்டபத்தில், சாயங்காலம். நீங்கள் அப்போது கொச்சிக்கு வந்திருக்கவில்லை என்பதால் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் நடுவில். அவருடைய வலது கைப் பக்கம் நான். எதிர்ப்பக்கம் மிருதங்கம், தேவராக்காரர் வாஞ்சிநாதன். பின்னால் யாரும் இல்லை. அண்ணன் தம்புராவை விட்டுவிட்டுக் கரண்டில் ஓடும் சுருதிப்பெட்டி வாங்கியிருந்தார், அதற்குக் கண் கிடையாது. முன்வரிசையில் டாக்டர் மேனன், இப்போது உங்கள் சபைக்குத் தலைவராக இருப்பவர். அவரோடு இன்னும் இரண்டு மூன்று டாக்டர்கள். அண்ணி அன்று வரவில்லை. மேனன் சார் கண்ணை மூடித்தான் சங்கீதம் கேட்பார். கண்ணைத் திறந்து கேட்கிறவனை அவர் ரசிகனாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அண்ணன் காம்போதியை எடுத்தார். ராகம், தானம், பல்லவி என்று விஸ்தாரமாகப் பாடுகிற திட்டம். ராகத்துக்கும் தானத்துக்கும் மிருதங்கம் வேண்டாம் என்பது அண்ணன் வைத்திருந்த முறை. அதனால் வாஞ்சிநாதன் வழக்கம்போல எழுந்து சாயா குடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் பாடும்போது முகம் எப்படி இருக்கும் என்று பழைய ரசிகர்களைக் கேளுங்கள். கண் செருகும், வாய் கோணும், பிரசவ வலி வந்ததுபோல இருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை முதன்முதலாகக் கச்சேரிக்கு வந்த ஒரு சேட்டன் எழுந்து ஓடிவந்து அவரைத் தாங்கப் போய், பக்கத்திலிருந்தவர்கள் இழுத்து உட்காரவைத்தார்கள். அது ராகபாவம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் அன்று அண்ணன் வியர்த்து, முகம் கோணி, நெஞ்சைப் பிடித்தபோது சபையில் பலத்த ஆஹாகாரம்.

பாதி ராகத்தில் நின்றார். கையை என் பக்கம் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

நான் வாசித்தேன்.

எப்படி வாசித்தேன் என்று நானே சொல்லக் கூடாது. ஆனாலும் அன்று பிளாஸ்க் திறக்கவில்லை, யாரும் செருமவில்லை. முதல் நாலு சங்கதி முடிந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்தப் போனேன். முன்னால் வெட்டவெளி மாதிரி ராகம் கிடந்தது. அத்தனை வருஷம் பால் தம்ளருக்குள் அடங்கிக் கிடந்தவனுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது, பிறகு சந்தோஷமாக இருந்தது. அந்தோணிச் சேட்டன் சொல்லிக்கொடுத்த நீண்ட வில் அன்றைக்குத்தான் எனக்குக் கைகொடுத்தது. கீழ் ஸ்தாயிக்கு இறங்கினேன், மெதுவாக ஏறினேன். சபையில் இருமல்கூட இல்லை.

நடுவில் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "மாத்திரை" என்றார். குரல் கொஞ்சம் அடைத்திருந்தது, ஆனால் மைக்கில் தெளிவாக விழுந்தது.

மேனன் சார் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்திலிருந்தவரிடம், "கண்டோ, இப்போழும் மாத்ரயாணு கணக்கு. கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பார்த்தீரா, இப்போதும் மாத்திரைதான் கணக்கு, பேஷ் என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையாளத்தில் வாயில் போடுகிற மாத்திரைக்குக் குளிகை என்று பெயர். மாத்ர என்றால் தாளக் கணக்குத்தான். அண்ணன் குளிகை என்று கேட்டிருந்தால் முன்வரிசை முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு மேடையேறியிருக்கும். அவர் தமிழில் கேட்டார். தமிழை விடாதவர் என்று அவரைப் பற்றி மலரில் கண்டிப்பாக எழுதுங்கள்.

அந்தக் கூட்டத்தில் தமிழும் மருந்தும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் எனக்கு அந்தச் சொல் எப்படிப் பழகியிருந்தது என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மேடையில் மாத்திரை என்றால் திட்டு. எங்கோ ஒரு மாத்திரை தள்ளிவிட்டேன்போல என்று இன்னும் கவனமாக வாசித்தேன். ராக ஆலாபனைக்குத் தாளமே கிடையாது, அதில் மாத்திரை தள்ளவும் முடியாது, விடவும் முடியாது என்று ஒரு பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். எனக்கும் தெரியும். கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது.

ராகம் முடிந்ததும் கைதட்டல் வந்தது. எனக்காக வந்த கைதட்டல். அப்போது அண்ணனைப் பார்த்தேன். தலை கவிழ்ந்திருந்தது, ஆனால் கண் என்னைத்தான் பார்த்தது. உதடு அசைந்தது. டப்பா என் முழங்காலருகில் இருந்தது. திறந்தேன். மாத்திரைகள் ஒரு பக்கம், ரோசின் ஒரு பக்கம். ரோசினை எடுத்து வில்லுக்குத் தேய்த்தேன். அவ்வளவு நீளமாக வாசித்தால் வில் வழுக்கும், தேய்க்காமல் இருக்க முடியாது. டப்பாவை மூடிவிட்டுத் தானத்தைத் தொடங்கினேன்.

சபைக்கு அது புதுமையாக இருந்தது. தானம் பாடகர் பாட வேண்டியது, வயலின் பின்தொடர வேண்டியது. ஆனால் அண்ணன் தன் சீடனுக்கு வழிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். இத்தனை பெருந்தன்மையா என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

தானம் முடிகிற சமயத்தில் வாஞ்சிநாதன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பல்லவிக்காக மிருதங்கத்தில் கையை வைத்துக் காத்திருந்தார். அண்ணன் எடுக்கவில்லை. வாஞ்சிநாதன் குனிந்து அண்ணனுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒச்சப்பா, ஆளு போயாச்சு" என்றார்.

மேனன் சார் மேடைக்கு வந்து நாடியைப் பார்த்தார். ஒரு டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் கண்முன்னே ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தார் என்றால் நன்றாகவா இருக்கும்? கையை விட்டுவிட்டு, ஒரு நொடியில் போய்விட்டார், வலியே இல்லை, நாதத்தில் கரைந்துவிட்டார் என்று மைக்கிலேயே அறிவித்தார். "இதுபோலொரு மரணம் கிட்டணுமெங்கில் புண்ணியம் செய்யணும்" என்று அவர் சொன்னதும் மண்டபமே கைகூப்பியது. மறுநாள் பத்திரிகையில் அண்ணனுடைய கடைசிச் சொல் மாத்திரை, இறக்கும்போதும் லயத்தில் இருந்தவர் என்று வந்தது. உங்கள் மலரின் அட்டையிலும் அதைத்தான் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போடுங்கள், பொய் இல்லை.

காரியம் முடிந்த பிறகு அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கேட்டாரா?" என்றார்.

"கேட்டார் அண்ணி."

"குடுத்தியா?"

"கேட்டதுமே கொடுத்தேன். அதற்குள்ளே..."

அண்ணி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணனுடைய சால்வையை எனக்குப் போர்த்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அந்தச் சமயத்தில் வேண்டாம் என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒரு பாடகருக்கு முக்தி கொடுத்த வயலின் என்று என்னைத் தனிக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். திருச்சூர், பாலக்காடு, மதராஸ் என்று போய்விட்டு வந்தேன். நோட்டீஸில் ஒச்சப்பன் என்று முழுப்பெயரும் வருகிறது, யாரும் சிரிப்பதில்லை. எங்கே போனாலும் காம்போதி கேட்கிறார்கள். வயதானவர்கள் முன்வரிசைக்கு வந்து கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று நினைக்கலாம். உங்கள் முகம் அப்படித்தான் மாறியிருக்கிறது. நினைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. அண்ணன் கேட்டது என்ன என்று தெரிந்துதான் தானத்தைத் தொடங்கினேன். மலரில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, மேனன் சார் விட மாட்டார். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதோ சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பாருங்கள், பத்திரிகையில் வந்தது. அண்ணன் கை என் ஜிப்பாக் கையின் மேலே இருக்கிறது. சீடனைத் தட்டிக்கொடுக்கும் கடைசித் தருணம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். தட்டிக்கொடுக்கவில்லை. தானம் உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து வலது கையைப் பிடித்து இழுத்தார். சாகக் கிடந்தவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, வில் இடறி அந்த இடம் கீறிவிட்டது. என் வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்தது அன்று ஒருநாள்தான். அதில் ஒரு கீறல். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறாமையில், வேண்டுமென்றேதான் இழுத்தார்.